முறிந்து நின்ற தோட்டா உறை

சுட்டாயிற்று. போல்ட்டைப் பின்னுக்கு இழுத்ததும் பித்தளை உறை வழக்கம்போல் பக்கத்தில் விழுந்தது. அடுத்த தோட்டாவைத் தள்ளினால் போல்ட் முழுதாக மூட மறுக்கிறது. இந்த இடத்தில் பலரும் செய்வது ஒன்றுதான்: உள்ளங்கையால் போல்ட் பிடியை ஓங்கிக் குத்துவது. அதைச் செய்யாதீர்கள். ரைஃபிள் வாயை இலக்குப் பக்கமே வைத்துக்கொண்டு, சற்றுமுன் விழுந்த உறையைத் தேடி எடுக்கச் சொல்லுங்கள்.

த்ரீ-நாட்-த்ரீ தோட்டாவின் உறை 56 மி.மீ. நீளம். கையில் கிடைத்தது கட்டைவிரல் நக நீளமே இருக்கும் அடிப்பகுதி என்றால், மீதி சேம்பருக்குள் ஒட்டிக்கொண்டு நிற்கிறது. நம் போலீஸ் மைதானங்களில் சுட்டு முடித்ததும் காலி உறைகளைப் பொறுக்கி எண்ணிக் கணக்கு ஒப்படைப்பது வழக்கம். அந்தக் கணக்கில் இது சிக்காது. எண்ணிக்கை சரியாகவே வரும், நீளம்தான் குறையும். ஆகவே பொறுக்குகிறவர் எண்ணினால் மட்டும் போதாது, ஒவ்வொன்றையும் கண்ணால் பார்க்கவும் பழக வேண்டும்.

இந்த அத்தியாயத்தை லீ-என்ஃபீல்டு ரைஃபிளை வைத்தே எழுதுகிறேன். 303 தோட்டா 1888-இல் பிரிட்டிஷ் படைக்கு வந்தது. இஷாப்பூர் ஆலையில் பல பத்தாண்டுகள் இந்த ரைஃபிள் தயாரானது. 2008 மும்பைத் தாக்குதலின்போதும் போலீஸாரின் கையில் இது இருந்தது. உத்தரப் பிரதேச போலீஸ் 2020 குடியரசு தினத்தில்தான் இதற்கு விடை கொடுத்தது. இத்தனை காலம் உழைத்த துப்பாக்கியும், பல ஆண்டுகள் பெட்டியில் கிடந்த தோட்டாவும் சேரும் இடத்தில் உறை முறிவது அதிசயமல்ல. உரிமம் பெற்றவர்கள் வைத்திருக்கும் 315 ரைஃபிளும் இதே குடும்பம்தான். கருவியின் அளவு மட்டும் மாறும். 0.22 ரைஃபிளுக்கு இங்கே சொல்வது பொருந்தாது. அதன் உறை மெல்லியது, சிறியது. அதற்கு வேறு வழி.

முதலில் உள்ளே உயிருள்ள தோட்டா இருக்கிறதா?

மூடாமல் நின்ற அந்த இரண்டாவது தோட்டாதான் இப்போதைய கவலை. முறிந்த உறைக்குள் அது ஆப்பு அடித்ததுபோல் இறுகியிருக்கலாம். பதறாமல் போல்ட்டைப் பின்னுக்கு இழுங்கள். பெரும்பாலும் எக்ஸ்ட்ராக்டர் கொக்கி, உறையின் அடி விளிம்பான ரிம்மைப் பிடித்து அதை வெளியே கொண்டுவந்துவிடும். சில நேரம் முறிந்த துண்டும் அதைக் கவ்விக்கொண்டு கூடவே வந்துவிடும். வந்தால் நல்லது. ஆனால் அப்படி வந்ததைப் பார்த்துவிட்டு, அடுத்த முறை உயிருள்ள தோட்டாவை வேண்டுமென்றே திணித்து உறையை எடுக்கப் பார்ப்பவர்கள் இருக்கிறார்கள். அதைவிட மோசமான வழி இந்த வேலையில் இல்லை.

தோட்டா வராமல் இறுகிவிட்டால் உங்கள் வேலை அத்தோடு முடிந்தது. மேகசினைக் கழற்றி, ரைஃபிள் வாயைப் பாதுகாப்பான திசையில் வைத்து, துப்பாக்கிகளைப் பழுதுபார்க்கும் ஆர்மரரைக் கூப்பிடுங்கள். முன்பக்கத்திலிருந்து தண்டு விட்டு உயிருள்ள தோட்டாவை இடிக்கக் கூடாது. உள்ளே என்ன இருக்கிறது என்று உறுதியாகத் தெரியாத வரைக்கும் பேரலுக்குள் எந்தத் தண்டும் போகக் கூடாது.

தோட்டா வெளியே வந்துவிட்டால், மேகசினையும் அதிலுள்ள தோட்டாக்களையும் வேறு மேசைக்குக் கொண்டுபோங்கள். போல்ட்டைக் கழற்றுங்கள். லீ-என்ஃபீல்டின் பழைய எண் 1 மாடலில் போல்ட்டைப் பின்னுக்கு இழுத்து, போல்ட் தலையை மேலே தூக்கினால் கழன்று வரும். ஒரு ரைஃபிளின் போல்ட்டை இன்னொன்றில் மாட்டிவிடாதீர்கள். அதனால் வரும் கேட்டைப் பிறகு சொல்கிறேன். பாதுகாப்புக் கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். பின்பக்கமிருந்து டார்ச் அடித்துப் பார்த்தால், சேம்பரின் கறுத்த எஃகுச் சுவருக்குள் பளபளக்கும் ஒரு பித்தளை வளையம் தெரியும். அதன் விளிம்பு நேராக வெட்டினாற்போல் இருக்கிறதா, பிய்ந்து பல் பல்லாக இருக்கிறதா என்று கவனித்துக் குறித்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

ஆற விடுங்கள்

மைதானத்தில் அவசரம் இருக்கும். அடுத்த அணி காத்திருக்கும். இருந்தாலும் ரைஃபிள் ஆறட்டும். சூட்டில் பித்தளை எஃகைவிட அதிகம் விரியும், குளிர்ந்தால் அதிகம் சுருங்கும். ஆறும்போது கிடைக்கும் இடைவெளி மில்லிமீட்டரில் ஆயிரத்தில் சில பங்குதான். ஆனாலும் ஒட்டிப்பிடித்த உறை அந்த அளவுக்கே சற்றுத் தளர்ந்துகொடுக்கும். பிறகு துரு இளக்கும் எண்ணெயை, உறைக்கும் சேம்பர் சுவருக்கும் நடுவில் போகும்படி பின்பக்கமிருந்து சில சொட்டு விட்டு, வாயைக் கீழ்ப்பக்கமாகச் சாய்த்துக் கொஞ்ச நேரம் வையுங்கள். இறுக்கமாக இருந்தால் இரவு முழுக்க விடலாம்.

எண்ணெய் விட்டதை மறந்துவிடாதீர்கள். சுடும்போது உறையின் சுவர் சேம்பரைக் கவ்விப் பிடிப்பதால்தான் போல்ட்டின் மீது விழும் அடி குறைகிறது. சேம்பரில் எண்ணெய் இருந்தால் அந்தப் பிடி போய்விடும், முழு அடியும் போல்ட் தாங்க வேண்டி வரும்.

இதற்கென்றே உள்ள கருவி

இந்தத் தொல்லை ராணுவங்களுக்கு எப்போதோ தெரிந்த ஒன்று. விக்கர்ஸ் இயந்திரத் துப்பாக்கியின் கருவிப் பெட்டியிலேயே முறிந்த உறையை எடுக்கும் பிளக் இருந்தது. அமெரிக்கர்கள் தங்கள் கராண்ட் ரைஃபிளுக்கு மூன்று பாகமுள்ள ஒன்றைச் செய்தார்கள்: நடுவில் ஒரு கம்பி, பின்னால் தோட்டாவின் அடியைப் போன்ற தலை, வெளியே ஓர் உருளை. முறிந்த உறைக்குள் அதைச் செருகி போல்ட்டை மெதுவாக முன்னுக்கு விட்டால் எக்ஸ்ட்ராக்டர் அதன் தலையைப் பிடிக்கும்; போல்ட்டை இழுத்தால் உருளையின் மேல் உறை மாட்டிக்கொண்டு வரும்.

இன்று கிடைப்பவை பெரும்பாலும் ஒரே துண்டு எஃகு. பார்க்கத் தோட்டா மாதிரியே இருக்கும், முனையில் மட்டும் ஒரு சிறு மேடு. அந்த முனை உறையின் கழுத்து வழியாக நுழையும்போது ஒடுங்கி, கழுத்தைத் தாண்டியதும் விரிந்து வாயில் மாட்டிக்கொள்ளும். விரல் கொஞ்சம் பழகிவிட்டால், முனை கழுத்தைத் தாண்டும்போது ஒரு சின்ன 'டக்' கையில் தெரியும். அது தெரியும் வரை தள்ளுங்கள். தெரிந்தபின் மேலும் தள்ள வேண்டாம்.

பிறகு போல்ட்டைப் பூட்டி, மெல்ல மூடி, எக்ஸ்ட்ராக்டர் கொக்கி அந்தக் கருவியின் விளிம்பைப் பிடித்ததும் ஒரே சீராகப் பின்னுக்கு இழுங்கள். வரவில்லையென்றால் போல்ட் பிடியைச் சுத்தியலால் தட்டாதீர்கள், கொக்கி உடையும். அதற்குப் பதில், வாய்ப்பக்கமிருந்து ஒரு பித்தளைத் தண்டை விட்டு கருவியின் முனையில் வைத்து லேசாகத் தட்டுங்கள். 303-இன் துவாரம் சுமார் 7.7 மி.மீ.; 6 மி.மீ. தண்டு தடையில்லாமல் போகும். தண்டின் முனை தட்டையாக இருக்க வேண்டும். தண்டு போகும்போது பேரல் வாயின் உள்விளிம்பில் உராயாமல் பார்த்துக்கொள்ளுங்கள். குறி தவறாமல் சுடும் ரைஃபிளைக் கெடுக்க அந்த ஓரத்தில் சிறு தேய்மானமே போதும்.

கருவியை வாங்கும்போது ஒன்றைப் பாருங்கள். அது அந்தக் காலிபருக்கே உரியதாக இருக்க வேண்டும். கிட்டத்தட்ட இதே அளவு என்று கடையில் கொடுப்பதை 303-இல் திணித்தால், கருவியை எடுக்க இன்னொரு கருவி தேட வேண்டி வரும்.

கருவி இல்லாதபோது

ரைஃபிளைச் சுத்தம் செய்யும் வெண்கலப் பிரஷ் எல்லா இடத்திலும் இருக்கும். அதில் 0.45 அங்குலக் கைத்துப்பாக்கிக்கு உரிய பெரிய பிரஷ் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு குட்டைத் தண்டில் பூட்டி, பின்பக்கமிருந்து முறுக்கியபடியே முறிந்த உறைக்குள் செலுத்துங்கள். உள்ளே போகும்போது பிரஷின் மயிர்கள் பின்னோக்கிச் சாயும். இழுக்கும்போது அவை நிமிர்ந்து திரும்ப இடமில்லாமல் பித்தளையில் குத்தி நிற்கும், உறையையும் சேர்த்து இழுத்துவரும். கைக்கு வரவில்லையென்றால் பிரஷை அப்படியே விட்டுவிட்டு, முன்பக்கத் தண்டால் பிரஷின் முனையைத் தட்டுங்கள். பிரஷைக் கழுத்துக்கு அப்பால் பேரலுக்குள் தள்ளிவிடாதீர்கள். அங்கே மாட்டிக்கொண்டால் இரண்டு தொல்லை.

என் அனுபவத்தில் பெரும்பாலான உறைகள் இதற்கே வந்துவிடுகின்றன. அடிப்பகுதி கழன்று போன உறைக்குப் பிடி குறைவு. முழு உறையும் ஒட்டிக்கொள்வதுதான் பெரும் சிரமம்.

பிரஷுக்கும் மசியாவிட்டால் வேலை ஆர்மரரிடமோ உரிமம் பெற்ற துப்பாக்கி பழுதுபார்ப்பவரிடமோ போக வேண்டும். 1959 ஆயுதச் சட்டம், துப்பாக்கி பழுதுபார்க்கும் தொழிலுக்கும் உரிமம் கேட்கிறது. ஆகவே தெருமுனை லேத் பட்டறைக்குக் கொண்டுபோகிற எண்ணமே வேண்டாம். அவர்கள் கையாளும் வழிகளில் இரண்டைத் தெரிந்து வைத்திருப்பது நல்லது, ரைஃபிளை ஒப்படைக்கும்போது கேட்டுக்கொள்ள உதவும்.

ஒன்று, செரோசேஃப் எனும் உலோகக் கலவை. சேம்பரின் அச்சு எடுக்கப் பயன்படுவது. 70 முதல் 88 டிகிரி செல்சியசில் உருகும். கொதிக்காத வெந்நீரே போதும். பேரலில் சேம்பருக்குச் சற்று முன்னால் துணியை அடைத்து, உருகியதை முறிந்த உறைக்குள் கழுத்து நிரம்பும் வரை ஊற்றி, இறுகியதும் முன்னாலிருந்து தண்டால் தள்ளினால் உறையும் அச்சும் ஒரே துண்டாக வெளியே வரும். சேம்பருக்குக் கீறல் விழாது. இறுகியபின் முதலில் சுருங்கி, பிறகு மெல்ல விரியும் குணம் அதற்கு உண்டு. எனவே அரை மணி நேரத்துக்குள் எடுத்துவிட வேண்டும். அதில் ஈயமும் காட்மியமும் இருப்பதால் அடுப்பில் நேரடியாகக் காய்ச்சக் கூடாது, ஜன்னலைத் திறந்து வைத்தே வேலை செய்ய வேண்டும். எனக்கு மிகவும் பிடித்த வழி இதுதான்.

மற்றது, மரை வெட்டும் டேப்பை உறைக்குள் சில சுற்று முறுக்கி, முன்னாலிருந்து அதைத் தட்டி எடுப்பது. வேலை செய்யும். ஆனால் டேப் கடினமான எஃகு. ஒரு சுற்று கூடுதலாகப் போனால் மெல்லிய பித்தளையைத் தாண்டி சேம்பரில் மரை வெட்டிவிடும். வேறு எதுவும் பலிக்காதபோது, பழகிய கை மட்டும் செய்ய வேண்டியது. திருப்புளியால் உறையின் ஓரத்தை உள்பக்கம் மடித்து நெம்புவதோ எந்தக் கைக்கும் கூடாது. அதில் விழும் கீறலுக்குள் அடுத்தடுத்த தோட்டாக்களின் பித்தளை பிதுங்கிப்போய், ஒவ்வோர் உறையும் ஒட்ட ஆரம்பிக்கும். ஒரு முறை நெம்பினது, பேரல் மாற்றுவதில் போய் முடியும்.

பேரலைத் துடைக்கும் புல்த்ரூ கயிற்றைக் கட்டி இழுக்கலாமா என்றும் கேட்பார்கள். கூடாது. கயிறு அறுந்தால் பேரலுக்குள் இறுகிக்கொள்ளும்.

உறை முழுதாக உள்ளேயே நின்று, ரிம் மட்டும் பிய்ந்து கொக்கியோடு வருவது உண்டு. சுட்ட உறைதான் என்பது உறுதியானால் முன்பக்கத் தண்டே போதும். எண்ணெய் விட்டு, சின்னச் சின்ன அடியாகத் தட்ட வேண்டும். கழுத்து மட்டும் அறுந்து சேம்பரின் நுனியில் மோதிரம்போல் நிற்பதும் உண்டு. அதற்கு 303 பேரலுக்கே உரிய வெண்கலப் பிரஷைப் பின்பக்கமிருந்து கழுத்துக்குள் விட்டு இழுத்தால் வந்துவிடும்.

முறிவு சொல்லும் சேதி

உறையை எடுத்ததும் பலர் துடைத்து எறிந்துவிட்டு மறுபடி சுடத் தயாராகிறார்கள். எடுப்பது பாதி வேலைதான். அந்த இரண்டு துண்டுகளையும் வெளிச்சத்தில் சேர்த்து வைத்துப் பாருங்கள்.

அடியிலிருந்து ஒரு சென்டிமீட்டர் அளவு மேலே, சுற்றிலும் நேராக வெட்டினாற்போல் முறிந்திருந்தால் உறை நீண்டு அறுந்திருக்கிறது. தோட்டா வெடிக்கும்போது உள்ளே ஒரு சதுர அங்குலத்துக்கு 45,000 பவுண்டு அளவில் அழுத்தம் எழுகிறது. உறையின் மெல்லிய முன்சுவர் உடனே விரிந்து சேம்பரைக் கவ்விக்கொள்கிறது. அடிப்பாகம் தடித்தது, அது விரியாமல் போல்ட்டில் மோதும்வரை பின்னுக்குத் தள்ளப்படுகிறது. போல்ட்டுக்கும் ரிம்முக்கும் நடுவில் உள்ள இடைவெளி அளவுக்கு, இரண்டுக்கும் இடைப்பட்ட சுவர் இழுபடுகிறது. இடைவெளி மிகுந்தால் அறுகிறது. லீ-என்ஃபீல்டில் போல்ட்டைப் பூட்டும் பற்கள் பின்கோடியில் இருப்பதால், ஒவ்வொரு குண்டுக்கும் போல்ட் முழு நீளத்துக்கும் நெளிந்துகொடுக்கிறது. இழுப்பு இன்னும் கொஞ்சம் கூடுகிறது. போல்ட்டை மாற்றி மாட்டக் கூடாது என்று சொன்னதும் இதனால்தான். ஒவ்வொரு போல்ட்டும் அதனதன் ரைஃபிளோடு சேர்த்து அளவு பார்க்கப்பட்டது.

இப்படி முறிந்தால், அதே ரைஃபிளில் சுட்ட மற்ற உறைகளையும் எடுங்கள். அடியிலிருந்து சற்று மேலே வெளிப்புறத்தில் ஒரு பளிச்சென்ற வளையக் கோடு தெரிகிறதா? ஒரு பேப்பர் கிளிப்பை நிமிர்த்தி, நுனியை மட்டும் 2 மி.மீ. மடக்கி, உறைக்குள் அடிவரை விட்டு, நுனி சுவரை உரசும்படி மேலே இழுத்துப் பாருங்கள். சுவர் மெலிந்த இடத்தில் நுனி ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறும். கையில் அது நன்றாகவே தெரியும். பல உறைகளில் இது இருந்தால் குற்றம் ரைஃபிளிடம்.

முறிவு நேராக இல்லாமல் நெடுக்குவாட்டில் கீறலாக ஓடியிருந்தாலோ, கழுத்து தானாக வெடித்திருந்தாலோ, தோட்டாவைச் சந்தேகப்படுங்கள். இத்தகைய வெடிப்பின் கதை இந்தியாவிலேயே தொடங்கியது. பிரிட்டிஷ் காலத்தில் மழைக்காலம் வந்தால் தோட்டாக்களைக் குதிரை லாயங்களில் அடுக்கி வைத்தார்கள். மழை ஓய்ந்து எடுத்துப் பார்த்தால் சுடாத தோட்டாக்களின் உறைகளிலேயே வெடிப்பு. வெகுகாலம் காரணம் புரியவில்லை. 1921-இல் மூர், பெக்கின்சேல், மாலின்சன் மூவரும் ஆராய்ந்து சொன்னார்கள்: குதிரை மூத்திரத்திலிருந்து எழுந்த அம்மோனியாவும், உறையை இழுத்து உருவாக்கும்போது பித்தளைக்குள் தங்கிவிட்ட இறுக்கமும் சேர்ந்ததன் விளைவு அது. தோட்டா உறையில் செம்பு 70 பங்கு, துத்தநாகம் 30 பங்கு. அம்மோனியாவுக்கு ஆகாத கலவை. அந்த இறுக்கத்தை இளம்சூட்டில் தளர்த்தினால் வெடிப்பு குறையும் என்பதும் தெளிவாயிற்று.

லாயம் இன்று இல்லை. ஆனால் உரிமம் வைத்திருக்கும் விவசாயி வீட்டில் தோட்டாப் பெட்டி இருக்கும் அறையிலேயே யூரியா மூட்டையும் இருக்கும். மாட்டுக்கொட்டகை ஒட்டிய அறையாகவும் இருக்கும். அதைவிடக் கொடுமை, ஆயுதபூஜைக்கு முன் தோட்டாக்களைக் குத்துவிளக்கு துலக்குவதுபோல் பித்தளை பாலிஷ் போட்டுப் பளபளக்க வைப்பது. பல பாலிஷ்களில் அம்மோனியா இருக்கிறது. தோட்டாவை உலர்ந்த துணியால் துடைத்தால் போதும். பூஜைக்கும் அதுவே போதும்.

மறுபடி சுடுவதற்கு முன்

சேம்பரை எண்ணெய் போகத் துடைத்து, கரைப்பானால் கழுவி, துடைக்கும் துணி சுத்தமாக வரும்வரை உலர்த்துங்கள். டார்ச் அடித்து, பித்தளைத் துகளோ கீறலோ இருக்கிறதா என்று பாருங்கள்.

பிறகு, போல்ட்டுக்கு முன்னால் ரிம்முக்குள்ள இடத்தை அளக்கும் கேஜ். 303-க்கு 0.064 அங்குல கேஜை வைத்தால் போல்ட் மூட வேண்டும், 0.074 அங்குல கேஜில் மூடக் கூடாது. இரண்டுக்கும் வித்தியாசம் கால் மில்லிமீட்டர்தான், ஆனால் உறை முறிவதும் முறியாததும் அதற்குள் அடங்கிவிடுகிறது. போல்ட்டை ஒரு விரலால் மெல்ல இறக்கித்தான் பார்க்க வேண்டும். அழுத்தினால் எந்த கேஜிலும் மூடும், அளந்ததில் பொருளில்லை. எண் 4 ரைஃபிளில் 0 முதல் 3 வரை எண்ணிட்ட போல்ட் தலைகள் உண்டு. எண் கூடக் கூட நீளம் கூடும். தேய்ந்த ரைஃபிளுக்கு அடுத்த எண் தலையை மாட்டி ஆர்மரர் இடைவெளியைச் சரிசெய்யலாம். எண் 1-இல் இந்த வசதி இல்லை; பல தலைகளை மாட்டிப் பார்த்துப் பொருந்துவதைத் தேட வேண்டும்.

முறிந்த இரண்டு துண்டுகளையும் ஒரு காகிதக் கவரில் இட்டு, ரைஃபிள் எண், தோட்டாவின் லாட் எண், தேதி எழுதிப் பதிவேட்டோடு வையுங்கள். அதே லாட்டில் வேறொரு ரைஃபிளிலும் முறிந்தால் அந்த லாட்டையே ஒதுக்கி வைத்து மேலிடத்துக்குத் தெரிவியுங்கள். கேஜ் பார்த்து ஆர்மரர் கையெழுத்துப் போடும்வரை ரைஃபிளின் டிரிக்கர் காப்பில் ஓர் அட்டையைக் கட்டி, தனி ரேக்கில் வையுங்கள். மற்ற ரைஃபிள்களோடு கலந்து வைத்தால், மறுநாள் காலை விஷயம் தெரியாத ஒருவர் அதை எடுத்துக்கொண்டு மைதானத்துக்குப் போய்விடுவார்.